நம் வீட்டில்தான் நாய் இல்லையே!

சுபஹுத் தொழுகை முடிந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். ஐந்து வயது மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழும்பி வருகிறான். “உம்மா, கண்ணுக்குள்ள என்னமோ ஓடுது” என்கிறான். தூசு விழுந்திருக்கும் என்று நினைத்து அவனை ஜன்னல் பக்கம் திருப்பி, இமையை விலக்கிப் பார்க்கிறீர்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியில், மெல்லிய சவ்வுக்கு அடியில், ஒரு வெள்ளை நூல் துண்டு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நூல் நெளிகிறது!

பதறியடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். கண் டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்: “உங்கள் வீட்டுப் பக்கம் நாய்கள் இருக்கின்றனவா?”

“நாங்கள் நாய் வளர்ப்பதில்லையே, டொக்டர்!” என்று சற்று ரோசத்தோடேயே சொல்கிறீர்கள்.

இந்தத் தாயும் மகனும் நான் சொல்லும் கற்பனைக் காட்சி. கண்ணுக்குள் நெளியும் புழு கற்பனை அன்று. இலங்கையின் ஆஸ்பத்திரிகளில் இப்படியான புழுக்கள் குழந்தைகளின் கண்களிலிருந்தும், பெரியவர்களின் தோலுக்கு அடியிலிருந்தும் பல பத்து ஆண்டுகளாக எடுக்கப்பட்டு வருகின்றன. அந்தப் புழுவின் சொந்த வீடு நாயின் உடம்பு. நாய் வளர்க்காத வீட்டுக்கு அது எப்படி வந்தது? விடையைத் தெரிந்துகொண்டால், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பகுதிகளில் வாழும் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் விளங்கிவிடும்.

அண்ணனும் தம்பியும்

நாய்களுக்கு வரும் ‘இதயப் புழு’ நோயைப் பற்றி வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கா, அவுஸ்திரேலியா, இத்தாலி, ஜப்பான் போன்ற நாடுகளில் நாய் வளர்ப்பவர்களை அச்சுறுத்தும் நோய் அது. இந்தியாவில் அசாம் முதலான வடகிழக்கு மாநிலங்களிலும் உண்டு. புழுவின் பெயர் டைரோஃபைலேரியா இமிட்டிஸ். இலத்தீன் மொழியில் ‘பயங்கர நூல்’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்த பெயர். பெண் புழு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம் அளவு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நாயின் நுரையீரலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களிலும், இதயத்தின் வலது பக்கத்திலும் குடியிருந்து, 5 முதல் 7 ஆண்டுகள் வரை உயிர் வாழும்.

இந்தப் புழுவுக்கு ஒரு தம்பி இருக்கிறது. அதன் பெயர் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். ‘ஊர்ந்து செல்வது’ என்று பொருள். இது இதயத்துக்குப் போவதில்லை. தோலுக்கு அடியில், சதைக்கு மேலே இருக்கும் இடத்தில் ஊர்ந்து திரியும். பெண் புழு 10 முதல் 17 சென்ரிமீற்றர் வரை வளரும். இலங்கை நாய்களில் வழமையாகக் காணப்படுவது இந்தத் தம்பிதான். நாய்க்கு அண்ணன் எமன். தம்பி நாயைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஆனால் மனிதரைத் தேடி வருவதில் அண்ணனை மிஞ்சிவிடும்.

நுளம்பு செய்யும் வேலை

நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும் என்று நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். ஆகவே நாயைத் தொடாமல் இருந்தால் நாயின் நோயும் நம்மைத் தொடாது என்று மனம் நம்பிவிடுகிறது. இந்தப் புழுவின் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலிக்காது. இது எச்சில் வழியாகவோ, மலத்தின் வழியாகவோ, நாயின் ரோமத்தின் வழியாகவோ வருவதில்லை. இதைச் சுமந்து வருவது நுளம்பு.

நாயின் உடலில் இருக்கும் பெண் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுப் புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகிறது. அவை கண்ணுக்குத் தெரியாதவை. நுளம்பு நாயைக் கடிக்கும்போது, உறிஞ்சும் இரத்தத்தோடு அவையும் நுளம்பின் வயிற்றுக்குள் போகின்றன. நமது நாடு போன்ற சூடான இடங்களில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவை நுளம்பின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, அதன் உறிஞ்சுகுழாய்க்கு வந்து சேர்ந்து காத்திருக்கின்றன. அந்த நுளம்பு அடுத்து யாரைக் கடிக்கிறதோ, அவருடைய தோலில் இறங்கி, கடித்த துளை வழியாக உள்ளே புகுந்துவிடுகின்றன.

நுளம்பின் உடலில் தங்கி வளராமல் குஞ்சுப் புழு நேராக இன்னோர் உடம்பில் வளர முடியாது. அதனால் நாயிடமிருந்து நாய்க்கோ, நாயிடமிருந்து மனிதருக்கோ இது நேரடியாகத் தொற்றாது. ஒரு பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைக்கும் தொற்றாது. மனிதர் இந்தப் புழு வழிதவறி நுழைந்த வீடு. நமது உடலில் அது பொதுவாக முழு வளர்ச்சி பெற்றுக் குஞ்சு பொரிப்பதில்லை. எங்கேயாவது ஒரு கட்டியாகவோ, கண்ணில் நெளியும் நூலாகவோ வெளிப்பட்டு முடிந்துபோகும். சங்கிலியை அறுந்துபோகாமல் வைத்திருப்பது நாயின் இரத்தமும், ஓரளவுக்குப் பூனையின் இரத்தமும்தான்.

இரத்தினபுரிப் பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் நாயைக் கடித்த நுளம்பு, அடுத்த தெருவில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கடிக்க யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. “நாய் யாருடையது?” என்பது நுளம்புக்குத் தேவையில்லாத கேள்வி.

நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டது

ஒட்டுண்ணியியல் துறையில் உலகப் புகழ்பெற்ற இலங்கைப் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் அவருடைய சகாக்களும், டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் தொற்றிய இலங்கை நோயாளர்கள் பல பத்துப் பேரின் விபரங்களைத் தொகுத்து 1997ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிறு குழந்தைகளும் கணிசமாக இருந்தார்கள். நாய்களில் செய்யப்பட்ட ஆய்வுகளிலோ, மூன்றில் ஒரு பங்கு நாய்களிடமும் அதற்கு மேலும் இந்தப் புழு காணப்பட்டிருக்கிறது. உலகில் மனிதருக்கு இந்தப் புழு அதிகமாக வரும் நாடுகளின் வரிசையில் இலங்கைக்கும் இடமுண்டு. கடலுக்கு அப்பால் கேரளத்திலிருந்தும் கண்ணில் புழு எடுத்த செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ஹொங்கொங்கில் முதலில் அடையாளம் காணப்பட்ட இதே குடும்பத்துப் புழு ஒன்றும் இலங்கை நாய்களில் இருப்பதைக் காட்டியது. அதுவும் மனிதருக்கு வரக்கூடியதே.

இன்னொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். யானைக்கால் நோயை உண்டாக்குவதும் நுளம்பு சுமக்கும் நூல் புழுதான். 1947இல் தொடங்கப்பட்ட யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் ஊர் ஊராக இரவில் இரத்தம் எடுத்துச் சோதித்தது. 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் இலட்சக்கணக்கானோர் ஆண்டுக்கொரு தடவை மாத்திரை விழுங்கினார்கள். 2016இல் அந்த நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மனிதரின் இரத்தத்தைச் சுத்தப்படுத்திய நாம் நாயின் இரத்தத்தை மறந்துவிட்டோம். யானைக்கால் புழுவின் இனத்தைச் சேர்ந்த புருகியா வகைப் புழுக்களும் இலங்கையின் நாய்களிலும் பூனைகளிலும் காணப்பட்டிருப்பதால், இந்த மறதி நல்லதல்ல.

ஏன் நமது மலைப்பக்கம் கவனிக்க வேண்டும்?

இரத்தினபுரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்டப் பக்கம் போனால் இறப்பர் மரம் ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை கட்டியிருக்கும். மழை தொடர்ந்தால் பால்வெட்டு நிற்கும். கவிழ்த்து வைக்காத சிரட்டைகள் அத்தனையும் நுளம்புத் தொட்டில்களாகிவிடும். டெங்கு நுளம்பின் நெருங்கிய உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ், மரங்களும் பற்றைகளும் நிறைந்த இத்தகைய இடத்தையே விரும்புகிறது. நாயின் புழுவைச் சுமக்கக்கூடிய நுளம்புகளில் அதுவும் ஒன்று. நிவித்திகல, பெல்மதுளை, இறக்குவானைப் பக்கங்களில் மாணிக்கக் குழிகள். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும் என்பது அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை. மூடாமல் விட்ட குழியில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். களுகங்கை பெருகி 2003இலும் 2017இலும் வந்தது போன்ற வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணீர் தேங்கும் இடங்களைச் சொல்லி முடியாது.

இனி நாய்களுக்கு வருவோம். லயங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு நாய் ஒரு தேவை. மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதும், இரவில் ஆள் நடமாட்டத்தைச் சொல்வதும் அதுதான். அந்த நாய் பகலில் மலையில் திரியும், மாலையில் கடைவீதிக்கு இறங்கும். கடைவீதியில் யாருடைய கடைகள்? இறைச்சிக் கடை வாசலிலும், நமது சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கத்திலும் எத்தனை நாய்கள் காத்துக் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மிச்சச் சோற்றையும் எலும்பையும் கொட்டுவது நாம்தானே! நாய் வளர்ப்பதில்லை என்று சொல்லும் நாமே நாள்தோறும் பத்து நாய்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறோம். லயத்து நாய்க்கு வைத்தியம் பார்க்க அதன் சொந்தக்காரரிடம் நாட்கூலிக்கு மேல் பணமில்லை. கடைவீதி நாய்க்குச் சொந்தக்காரரே இல்லை. அதனால் இரண்டுமே மிருக வைத்தியரின் கண்ணில் படாமலே போகின்றன.

மனிதருக்கு வந்தால்

முதலில் ஆறுதலான செய்தி. இது உயிரைக் குடிக்கும் நோயன்று. பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் இருக்கும். சிறு சத்திரசிகிச்சை மூலம் அதை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. பொதுவாக வேறு மருந்தும் தேவைப்படுவதில்லை.

அறிகுறிகள் நுளம்பு கடித்துப் பல மாதங்கள் கழிந்த பிறகுதான் தெரியவரும். கண்ணில் உறுத்தல், சிவப்பு, ஏதோ ஓடுவது போன்ற உணர்வு. இமையில் வந்து வந்து மறையும் வீக்கம். முகத்திலோ கையிலோ நெஞ்சிலோ அரிப்போடு இடம் மாறும் சிறு கட்டி. ஆண் குழந்தைகளுக்கு விதைப் பகுதியிலும் வீக்கம் வரலாம். வெட்கத்தினால் பிள்ளை மறைப்பான். குளிப்பாட்டும் தாய் கவனிக்க வேண்டும். சில பெண்களுக்கு மார்பில் கட்டியாக வந்திருக்கிறது. ஆனால் சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு மார்பில் தெரியும் கட்டியைப் ‘புழுவாக இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் கட்டியானாலும் டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அண்ணன் புழுவும் எப்போதாவது மனிதருக்குள் நுழைந்துவிடும். அது நுரையீரலில் செத்து, எக்ஸ்ரே படத்தில் நாணயம் போன்ற வட்டமாகத் தெரியும். புற்றுநோயோ என்று பயந்து நெஞ்சைத் திறந்து பார்த்தபோது புழு இருந்த நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

கண்ணில் புழுவைக் கண்டால் செய்யக் கூடாதவை: ஊசியாலோ துணியாலோ எடுக்கப் பார்க்காதீர்கள். தாய்ப்பால், தேன், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். “பொறுத்துப் பார்ப்போம்” என்று நாள் கடத்தாதீர்கள். புழு நகர்ந்து ஒளிந்துகொண்டால் எடுப்பது சிரமமாகிவிடும். பிள்ளையின் கையைக் கண்ணில் படாமல் பிடித்துக்கொண்டு, தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி அன்றைக்கே இரத்தினபுரி அல்லது கேகாலைப் பெரியாஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போய்விடுங்கள். எடுத்த புழுவை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் மருத்துவ பீடங்களிலும் அது என்ன புழு என்று பார்க்க முடியும். அந்தத் தகவல் உங்கள் ஊருக்கே உதவும்.

நாய்க்கு வந்தால்

ரெப்பென்ஸ் புழு உள்ள நாய் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே தெரியும். சில நாய்களுக்குச் சொறி, அரிப்பு, தோலுக்கடியில் சிறு கட்டிகள் வரும். இமிட்டிஸ் என்ற அண்ணன் புழு புகுந்த நாயோ முதலில் இருமும், பிறகு ஓட முடியாமல் இளைக்கும், மெலியும், மயங்கி விழும், கடைசியில் வயிற்றில் நீர் கோர்த்து, இதயம் செயலிழந்து இறக்கும். கடித்த நாளிலிருந்து புழு முழு வளர்ச்சி அடைய ஆறேழு மாதங்கள் ஆகும். வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்கிவரும் நாய்களுக்கு இந்தச் சோதனை அவசியம்.

சோதனை எளிது. ஒரு சொட்டு இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தால் நெளியும் குஞ்சுப் புழுக்கள் தெரியும். இதயப் புழுவுக்கென்று விற்கப்படும் துரித சோதனைப் பெட்டி இமிட்டிஸின் பெண் புழுவை மட்டுமே காட்டிக்கொடுக்கும், ரெப்பென்ஸைக் காட்டாது. ஆகவே பெட்டி ‘இல்லை’ என்று சொன்னாலும் நுணுக்குக்காட்டிச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள்.

முற்றிய இதயப் புழுவுக்குச் சிகிச்சை நீண்டது, செலவானது. நான்கு வாரம் டொக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள். புழுவின் உடலுக்குள் வாழ்ந்து அதற்குத் துணை நிற்கும் வொல்பாக்கியா என்ற பக்டீரியாவை அது அழிக்கும். அதன் பின் ஆசனிக் சேர்ந்த மெலர்சோமின் என்ற ஊசியை முதுகுத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். முதலில் ஒன்று, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு. செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் குழாய்களை அடைத்துவிடும் என்பதால் நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் கட்டி வைக்க வேண்டும். ரெப்பென்ஸுக்கு இவ்வளவு தேவையில்லை. மொக்சிடெக்டின் போன்ற மருந்துகளால் இரத்தத்தில் உள்ள குஞ்சுப் புழுக்களை ஒழிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைச் சொறி நாய்க்குத் தாமாகவே போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 1 வீத ஊசி மருந்தின் ஒரு மில்லிலீற்றரில், 10 கிலோ எடையுள்ள நாய்கள் 160க்கு ஒரு மாதத் தடுப்புக்குப் போதுமான மருந்து இருக்கிறது! கண்ணளவில் ஊசியில் எடுத்தால் என்ன ஆகும்? கோலி இன நாய்களும் அவற்றின் கலப்புகளும் அளவு கூடினால் மயங்கி விழுந்து இறக்கக்கூடும். இரத்தம் முழுவதும் குஞ்சுப் புழு உள்ள நாய்க்குத் திடீரென மருந்து கொடுத்தால், அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சிக்கு உள்ளாகலாம். எனவே முதலில் இரத்தச் சோதனை, பிறகுதான் மருந்து. சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் பூசுவதும் விஷம்தான்.

வீட்டுப் பூனைக்கு

நாயைத் தூரத்தில் வைத்தாலும் பூனையை மடியில் வைப்பவர்கள் நாம். பூனைக்கும் நுளம்பு கடிக்கும். இந்தப் புழுக்கள் பூனைக்கும் வரும். பூனையின் உடலில் இதயப் புழு ஒன்றிரண்டுதான் வளரும்; இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வாழும். ஒன்றிரண்டே என்றாலும் சிறிய இதயத்துக்கு அதுவே பெரிது. இருமல், முட்டு இழுப்பது போன்ற மூச்சு, காரணமில்லாத வாந்தி. சில வேளை நேற்று விளையாடிய பூனை இன்று திடீரென்று செத்துக் கிடக்கும். நாய்க்குப் போடும் மெலர்சோமின் ஊசி பூனைக்கு ஆகாது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து, புழு தானாகச் சாகும்வரை காப்பாற்றுவதே செய்யக்கூடியது. ஆகவே பூனைக்குத் தடுப்பே வைத்தியம்.

இன்னொன்று. நாயின் பிடரியில் விடும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு நல்லதான அது பூனைக்குக் கொடிய நஞ்சு. “இரண்டும் மிருகம்தானே” என்று மிச்சத்தைப் பூனைக்கு விட்டால், அது நடுங்கி வலிப்பு வந்து சாகும். ‘பூனைக்கு’ என்று எழுதப்படாத மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள்.

மாதம் ஒரு தடவை

ஜப்பானில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து ஐவர்மெக்டின். அதற்கு வழி திறந்த சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கெம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தும் அதன் உறவுகளான மொக்சிடெக்டின், செலமெக்டின், மில்பெமைசின் என்பனவும் மாதம் ஒரு தடவை கொடுத்தால் போதும். கடந்த மாதத்தில் நுளம்பு விட்டுச்சென்ற இளம் புழுக்கள் வளருமுன்பே அழிந்துவிடும். சில மாத்திரைகள், சில பிடரியில் விடும் துளிகள். வருடம் முழுவதும் நுளம்பு இருக்கும் நமது பகுதியில் வருடம் முழுவதும் கொடுக்க வேண்டும். எது, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். கேகாலைப் பக்கத்தவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். விசர்நாய்த் தடுப்பூசி போட்டுவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. அந்த ஊசி புழுவைத் தடுக்காது.

லயத்து நாய்க்கும் தெருநாய்க்கும் யார் கொடுப்பது? விசர்நாய்த் தடுப்பூசிக்காரர்கள் வரும் நாளையே பயன்படுத்தலாமே! பள்ளிவாசல் நிர்வாகமும், கடைக்காரர் சங்கமும், தோட்ட முகாமையாளரும், லயத்துத் தலைவரும் ஒன்றாகப் போய் மிருக வைத்தியரிடம் கதைத்தால், அதே நாளில் அதே நாய்களுக்கு இரத்தச் சோதனையும் புழு மருந்தும் ஏற்பாடு செய்ய முடியும். மருந்துச் செலவைக் கடைகள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு கடைக்கு எவ்வளவு வந்துவிடும்? பிள்ளையை ஒரு தடவை கண் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போகும் அலைச்சலை எண்ணிப் பாருங்கள்.

கவிழ்த்து வைப்போம்

நுளம்பு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் வரை வேண்டும். எனவே வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து வாருங்கள். சிரட்டை, யோகட் கப், டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். இறப்பர் மரங்கள் உள்ளவர்கள் பால்வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். மலசலகூடக் குழியின் மூடியில் வெடிப்பு இருந்தால் பூசிவிடுங்கள். அழுக்கு நீரில் பெருகும் நுளம்புகளும் இந்தப் புழுவைச் சுமக்கும். மூடாத மாணிக்கக் குழியைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். டெங்குக்காகச் செய்யும் அதே வேலைதான். கூலி மட்டும் இரண்டு மடங்கு.

பகலில் தூங்கும் குழந்தைக்கும் நுளம்புவலை போடுங்கள். ஏடிஸ் பகலில்தான் கடிக்கும். மஃரிபை அண்டிய நேரம் இன்னும் பல நுளம்புகளுக்குப் பசியெடுக்கும் வேளை. ஓதப் போகும் பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

நாயைக் கொன்றால் தீருமா?

இதையெல்லாம் கேட்டவுடன் “நஞ்சு வைத்து ஒழித்துவிட்டால் போச்சு” என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு நாயைக் கொன்றால் அடுத்த வாரம் வேறு மலையிலிருந்து இன்னொன்று அதே எச்சில் குவியலைத் தேடி வரும். அதன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மருந்து குடித்த நாய் தன் இடத்தைக் காத்துக்கொண்டு, புழுவில்லாமல் நம் தெருவில் கிடப்பது நமக்குத்தான் நல்லது. 2006இல் நமது அரசும் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கையை ஏற்று, தடுப்பூசியையும் கருத்தடையையும் நாடியது.

நமக்கோ இதற்கு முன்பே பாடம் சொல்லப்பட்டிருக்கிறது. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதையும் நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாயை வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் அந்த வாயில்லாப் பிராணியின் இரத்தத்தில் நோய் இல்லாமல் பார்த்துக்கொள்வதையே கேட்கிறோம்.

டொக்டரின் கேள்விக்கு மறுபடியும் வருவோம். “உங்கள் வீட்டுப் பக்கம் நாய்கள் இருக்கின்றனவா?” அடுத்த தடவை யாராவது அப்படிக் கேட்டால், “நாங்கள் வளர்ப்பதில்லை” என்று சொல்லி நிறுத்திவிடாமல், “இருக்கின்றன டொக்டர், எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்திருக்கிறோம்” என்று சொல்லும்படி நம் ஊர் ஆகட்டும். இன்ஷா அல்லாஹ், அந்த ஊரின் பிள்ளைகள் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினால் அது தூக்கக் கலக்கமாகத்தான் இருக்கும்.